பிறந்த ராசியும் வீசிய பந்தும்

ஒரு மனிதரை அவர் பிறந்த நேரத்தைக் கொண்டு அளக்கலாமா? மிகப் பழைமையான கேள்வி இது. குருமடத்தில் மெய்யியல் வகுப்பில் இதைப் படித்தோம்; தேர்வும் எழுதினோம். ஆயினும் இதன் கனம் நமக்கு உறைத்தது அண்மையில்தான். அமிர்தியில், அறுவடை முடிந்த ஒரு வயலில், பிள்ளைகள் ஆடிய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றில் அது நம் முன்னால் வந்து நின்றது.

பொங்கல் விடுமுறையின்போது பங்கு இளைஞர்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தோம். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரை வாசகர்களில் பலர் அறிவர். வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்கா, காட்டு வழி, அருவி. தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வாரத்தில் ஆறு நாள் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் காற்றே ஒரு விருந்து. மான்களைப் பார்த்தாயிற்று, கட்டுச்சோறு உண்டாயிற்று, பிறகு இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடத் தொடங்கினார்கள்.

கடைசி ஓவர். எதிரணிக்கு எட்டு ஓட்டங்கள் தேவை. அணியிலேயே நன்றாகப் பந்து வீசக்கூடியவன் என்று எல்லாரும் சொல்லும் இளைஞன் வரப்போரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் ஏன் பந்தைக் கொடுக்கவில்லை என்று அணித்தலைவனைக் கேட்டோம். அவன் கைபேசியை எடுத்துக் காட்டினான். உலகின் பெரிய பந்துவீச்சாளர்களைப் பன்னிரண்டு ராசிகளின்கீழ் பிரித்து அடுக்கிய ஒரு பட்டியல் அதில் இருந்தது. “வேகமா போடுறவங்க நெருப்பு ராசி, ஃபாதர். இவனுக்கு நீர் ராசி. அதோட இன்னிக்கு இவனுக்குச் சந்திராஷ்டமம். காலையிலேயே காலண்டர்ல பார்த்துட்டேன்” என்றான்.

நாம் சிரித்துவிட்டோம். ஆனால் வரப்போரத்தில் நின்றவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “என் ராசி அப்படி, ஃபாதர்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பணிவுதான் நம்மை உறுத்தியது. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஒருவன் தன் இயல்பு என்றே ஏற்றுக்கொள்வானாயின், அதைவிடப் பெரிய அநீதி எது? அந்தத் தலைகுனிவுக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறோம்.

பன்னிரண்டு கட்டங்களில் பந்துவீச்சாளர்கள்

முதலில் அந்தப் பட்டியலை நேர்மையாகப் பார்ப்போம். ஏளனம் ஒரு மறுமொழி ஆகாது.

அது ஆங்கில முறைப்படி பிறந்த தேதியைக் கொண்டு வகுக்கப்பட்டது. அதன்படி கன்னி ராசியின் கட்டம் வியப்பூட்டும் வகையில் நிறைந்திருக்கிறது. ஷேன் வார்ன், அஷ்வின், ஜவகல் ஸ்ரீநாத், லசித் மலிங்கா, இஷாந்த் சர்மா, முகமது ஷமி ஆகிய அறுவருமே ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாள்களுக்கும் செப்டம்பர் 17-க்கும் இடையில் பிறந்தவர்கள். பார்த்ததும் ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்றுதான் தோன்றும். ஆனால் இவர்களில் வார்னும் அஷ்வினும் சுழற்பந்து வீச்சாளர்கள். மற்ற நால்வரும் வேகப்பந்து வீச்சாளர்கள். நெருப்பு ராசியாகிய மேஷத்தில் யார் இருக்கிறார்? டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் எடுத்த சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன். இந்தியாவுக்கு வேகப்பந்து வீச்சின் பெருமையைக் கற்றுத்தந்த கபில்தேவோ நில ராசியாகிய மகரத்தில் இருக்கிறார். வாசிம் அக்ரம் காற்று ராசியாகிய மிதுனத்தில். நெருப்பும் வேகமும் அங்கேயே பிரிந்துபோகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில முறையில் மேஷம் மார்ச் 21-ஆம் நாளை ஒட்டித் தொடங்குகிறது. நம் பஞ்சாங்க முறையில் சித்திரை முதல் நாளில், அதாவது ஏப்ரல் 14-ஐ ஒட்டித் தொடங்குகிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று திசை மாறுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் இந்த இரு கணக்குகளும் விலகி, இன்று 24 பாகை அளவு இடைவெளி விழுந்திருக்கிறது. அயனாம்சம் என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்வது இதையே. ஆகவே நம் கணக்கில் மேற்சொன்ன கன்னிக் கட்டம் காலியாகிவிடுகிறது. அஷ்வின் எல்லைக் கோட்டில் நிற்கிறார். மற்ற ஐவரும் ஆவணி மாதத்துச் சிம்மத்துக்குப் போய்விடுகிறார்கள். சிம்மம் நெருப்பு ராசி. அணித்தலைவனின் விதிப்படி, பந்தை மெல்லச் சுழற்றியே 708 விக்கெட்டுகளைச் சாய்த்த வார்ன் வேகப்பந்து வீச்சாளராக இருந்திருக்க வேண்டும்!

‘நாங்கள் சூரியனைக் கொண்டு சொல்வதில்லை, சந்திரனையும் லக்கினத்தையும் கொண்டே சொல்வோம்’ என்று நம் ஊர்ச் சோதிடர் மறுக்கக்கூடும். நல்லது. சந்திரன் ஒரு ராசியை ஏறத்தாழ இரண்டேகால் நாளில் கடக்கிறது. லக்கினம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அப்படியானால் பெயர்பெற்ற ஒரு வீரரின் பிறந்த தேதி மட்டும் தெரிந்தவர்கள் தயாரித்த பட்டியல் எதையும் சொல்லாது என்பதைச் சோதிடரே ஒப்புக்கொண்டதாகிறது.

எண் கணிதமும் இதற்கு விலக்கன்று. முரளிதரன் ஏப்ரல் 17, அஷ்வின் செப்டம்பர் 17, அனில் கும்ப்ளே அக்டோபர் 17. மூவருக்கும் கூட்டு எண் எட்டு. நம் ஊரில் எட்டாம் எண்ணைச் சனியின் எண் என்று அஞ்சிப் பெயரின் எழுத்துகளை மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இந்த மூவரும் டெஸ்ட் ஆட்டங்களில் எடுத்த விக்கெட்டுகளோ முறையே 800, 537, 619. எட்டு நல்ல எண் என்று இதைக் கொண்டு நாம் வாதாடப் போவதில்லை. ராசிக் கட்டத்தைத் தரையில் வரைந்து ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையை எறிந்து பாருங்கள். பன்னிரண்டு கட்டங்களிலும் சமமாக விழாது. ஏதோ ஒன்றில் நிறைய விழும். ஏதோ ஒன்று வெறுமையாக இருக்கும். நிறைந்த கட்டத்துக்குக் காரணம் தேடும் மனம் நம்முடையது. கொட்டைகளுக்கு அந்தக் கவலை இல்லை.

பிறந்த நேரத்தைக் கொண்டு ஆளை அறியலாமா என்பதை அறிஞர்கள் முறையாகச் சோதித்தும் இருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டில் வானியலார் ஜெயந்த் நார்லிகரும் அவருடைய துணைவர்களும் மகாராட்டிரத்தில் 200 பிள்ளைகளின் பிறப்பு விவரங்களைத் திரட்டினர். பாதிப்பேர் படிப்பில் சிறந்தவர்கள். மறுபாதிப்பேர் அறிவுவளர்ச்சி குன்றியவர்கள். சோதனையில் பங்கேற்ற 27 சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 சாதகங்கள் தரப்பட்டன. யார் எந்த வகை என்று சொல்ல வேண்டும். சரியாக அமைந்தவை நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஐம்பதை ஒட்டி வந்திருக்கும்.

ஒரே நாளில் பிறந்தவர்கள்

டிசம்பர் 6 புனித நிக்கோலாசின் திருநாள். அந்த நாளில் பிறந்த இந்தியக் கிரிக்கெட் வீரர்களில் ஐவர்: ஆர்.பி. சிங், ரவீந்திர ஜடேஜா, கருண் நாயர், ஜஸ்பிரித் பும்ரா, ஷ்ரேயஸ் ஐயர். ஆண்டுகள் வேறு; நாள் ஒன்று. பும்ரா வலக்கை வேகம், ஆர்.பி. சிங் இடக்கை வேகம். ஜடேஜா இடக்கைச் சுழல். மற்ற இருவரும் மட்டை வீரர்கள். கருண் நாயர் 2016-இல் சென்னையில் முந்நூறு ஓட்டங்களைக் கடந்தவர். ஒரே நாள் இவர்களை ஒன்றாக வார்க்கவில்லை. சிறு வயதில் தந்தையை இழந்த பும்ரா, சத்தம் கேட்டுத் தாயின் ஓய்வு கெடாதிருக்கும்பொருட்டு, சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் பந்து படும்படி வீட்டுக்குள் வீசிப் பழகினார் என்பது பலரும் அறிந்த செய்தி. மட்டையாளரின் காலடியில் வந்து விழும் அவருடைய பந்து அந்த ஓரத்தில் பிறந்தது.

புனித அகுஸ்தீனாரும் இளமையில் சோதிடத்தில் ஈடுபாடு கொண்டிருந்தவரே. அறிவுள்ள முதிய மருத்துவர் ஒருவர் எடுத்துச் சொல்லியும் அவர் அதை விடவில்லை. ஃபிர்மினுஸ் என்னும் நண்பர் சொன்ன ஒரு செய்திதான் அவர் மனத்தை மாற்றியது. தம் வாழ்வை அவரே விவரிக்கும் நூலில் இது வருகிறது. ஃபிர்மினுசின் தாய் கருவுற்றிருந்தபோது, அவர் தந்தையின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணும் கருவுற்றிருந்தாள். நண்பர்கள் இருவரும் சோதிடப் பித்தர்கள். பிள்ளை பிறந்ததும் ஒருவருக்கொருவர் ஆளனுப்ப ஏற்பாடு செய்திருந்தனர். இரு வீட்டுத் தூதரும் சரியாக நடுவழியில் சந்தித்துக்கொண்டனர். இரு குழந்தைகளுக்கும் ஒரே சாதகம்! ஆனால் ஃபிர்மினுஸ் செல்வத்திலும் பதவியிலும் உயர்ந்தார். அடிமையின் மகன் அடிமையாகவே உழைத்தான். அந்தச் சாதகத்தை முறைப்படி கணித்தவர் இருவருக்கும் ஒரே பலனைச் சொல்லியாக வேண்டும், அது பொய்யாகும். இருவருக்கும் உள்ளபடி சொன்னால், அது கணிப்பால் வந்ததாகாது; தற்செயலாக வாய்த்ததே என்று அகுஸ்தீனார் முடிவுகட்டினார்.

அவர் முடிவுகட்டிய இடத்தில் நாம் இன்னும் சிறிது நேரம் நிற்க விரும்புகிறோம். அந்த இரு குழந்தைகளையும் பிரித்தது எது? விண்மீன் பிரிக்கவில்லை. வீடு பிரித்தது. ஒரு வீட்டில் உரிமை இருந்தது. மறு வீட்டில் அடிமைத்தனம் இருந்தது. அந்த அடிமைத்தனத்தைச் சனியோ செவ்வாயோ இயற்றவில்லை, மனிதர் இயற்றினர். ‘அவன் சாதகம் அப்படி’ என்று சொன்ன ஒவ்வொருவரும் தம் கையைக் கழுவிக்கொண்டனர்.

பிறந்த மாதம் பேசும் இடம்

பிறந்த மாதம் உண்மையாகவே விளையாட்டில் வேலை செய்யும் ஓர் இடமும் உண்டு. கனடா நாட்டுப் பனி ஹாக்கி வீரர்களை ஆராய்ந்த உளவியலார் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர் குழுவினரும் 1985-இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். சிறந்த இளையோர் அணிகளில் சனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதி. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. கிரகம் காரணமன்று. அங்கே வயதுப் பிரிவுக்கான கணக்கு சனவரி 1-இல் தொடங்குகிறது. சனவரியில் பிறந்த சிறுவன், அதே பிரிவில் ஆடும் டிசம்பர்ப் பிள்ளையைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். உயரமும் வலிமையும் சற்று மிகுதி. தேர்வு செய்பவர் அதைத் திறமை என்று எண்ணி அவனைத் தேர்ந்தெடுக்கிறார். அவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது. மற்றவன் வீட்டுக்குப் போகிறான். சில ஆண்டுகளில் அந்த எண்ணம் உண்மையாகிவிடுகிறது. கணக்கு வேறு மாதத்தில் தொடங்கும் நாடுகளில் ‘நல்ல மாதமும்’ வேறாகிறது.

ஆக, பிறப்பு ஒருவனுக்குச் செய்துவிட்டதாக நாம் நினைக்கும் பலவற்றை, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த மனிதரே செய்திருக்கிறார்கள். மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். விண்மீன் செய்தது என்று சொல்லிவிட்டால் மாற்ற வேண்டிய கடமையும் நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. சோதிடம் தரும் மிகப் பெரிய ஆறுதல் இதுதான். மிகப் பெரிய தீங்கும் இதுவே.

புனித தோமா அக்குவினார் இதை நுட்பமாக அணுகினார். வானப் பொருள்கள் உடலைப் பாதிக்கக்கூடும் என்று தம் காலத்து அறிவியலோடு சேர்ந்து அவரும் கருதினார். ஆனால் மனித விருப்பத்தை அவை கட்டாயப்படுத்த இயலாது என்றார். பெரும்பாலோர் தம் உணர்ச்சிகளின் வழியே நடப்பதால் சோதிடரின் சொற்கள் பல சமயம் பலிப்பதுபோலத் தோன்றுகின்றன என்றும் விளக்கினார். ‘இன்று உனக்குச் சரியில்லை’ என்று காலையில் ஓர் இளைஞனிடம் சொல்லிப் பாருங்கள். மாலையில் அவன் கை நடுங்கும். சந்திரன் ஒன்றும் செய்திருக்காது; நம் சொல் செய்திருக்கும்.

உடலோடு பிறந்த குறையும் முடிவான தீர்ப்பு ஆகாது. முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாதது. கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற அந்தத் தமிழரின் பந்துகளை 1995-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் மெல்போர்னில் நடுவர் ஏழு முறை செல்லாதவை என்று அறிவித்தார். பின்னர் அவர் கையை அறிவியல் முறையில் அளந்து பார்த்தார்கள், கை தெளிவாயிற்று. நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசனின் வீச்சு முறையும் ஒருமுறை ஐயத்துக்குள்ளானது. அவர் அதைத் திருத்திக்கொண்டார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீச அழைத்துச் செல்லப்பட்டவர், 2020 டிசம்பரிலும் 2021 சனவரியிலுமாக, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார். இருவர் வாழ்விலும் யாரோ சிலர் பந்தை உற்றுப் பார்த்தார்கள். அதுவே வழியைத் திறந்தது.

நம் வீட்டுக் கட்டங்கள்

‘கத்தோலிக்கர்களாகிய நமக்கு இது எதற்கு? நாம் சாதகம் பார்ப்பதில்லையே’ என்று கேட்பீர்கள். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் சோதிடத்தை வெளிப்படையாகவே விலக்குகிறது. ஆனாலும் பெண் பார்க்கப் போகுமுன் செவ்வாய் தோஷம் உண்டா என்று மறைவாக விசாரிக்கும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா? ஃபிரான்சு நாட்டு மிஷல் கொக்லன் என்பவர், செவ்வாய் குறிப்பிட்ட நிலைகளில் இருக்கும்போது பிறந்தவர்கள் விளையாட்டில் சிறக்கிறார்கள் என்று 1955-இல் எழுதினார். பின்னாளில் ஃபிரெஞ்சு அறிஞர் குழு 1,066 வீரர்களைக் கொண்டு சோதித்தபோது அது நிலைக்கவில்லை. அங்கே வெற்றி தருவதாகச் சொன்ன அதே கோளுக்கு அஞ்சி, இங்கே எத்தனை பெண் பிள்ளைகள் வாடியிருக்கிறார்கள்!

கீழ்த்திசை ஞானிகள் விண்மீனைப் பின்தொடரவில்லையா என்றும் சிலர் கேட்பதுண்டு. பெரிய கிரகோரியார் இதற்குச் சொன்ன விளக்கத்தின் கருத்து இது: குழந்தை விண்மீனின் ஆணைக்கு உட்படவில்லை, விண்மீனே குழந்தைக்குப் பணிவிடை செய்தது.

ஆனால் ராசிக் கட்டத்தை விட்டவர்கள் எல்லாக் கட்டங்களையும் விட்டவர்கள் அல்லர். இதை நமக்குக் கற்பித்தவன் அந்த அணித்தலைவன்தான். அமிர்தியிலிருந்து திரும்பும் வழியில் வண்டியில் அவனுக்கு இந்த வாதங்களையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஃபாதர், நான் அவன் ராசியைப் பார்த்து நிறுத்தினேன். நீங்க போன வருஷம் அவன் வீட்டைப் பார்த்து நிறுத்தினீங்களே?”

அது உண்மை. சென்ற ஆண்டு மறைவட்டப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தபோது அந்த இளைஞனின் பெயரை அடித்தவர் நாமே. அவன் தந்தையின் குடியும் அண்ணனின் அடிதடியும் ஊரறிந்தவை. ‘அந்த வீட்டுப் பிள்ளையை வெளியூர் அழைத்துப் போனால் வம்புதான்’ என்று உபதேசியாரிடம் சொன்னோம். அதுவரை அவன் ஒரு பந்து வீசியதையும் நாம் பார்த்ததில்லை. நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று கேட்ட நத்தனியேலாவது வந்து பார்க்கச் சம்மதித்தார்; நாம் அதையும் செய்யவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று ஆண்டவரைக் கேட்டார்கள். அவர் அந்தக் கேள்வியின் இரு கிளைகளையும் ஒதுக்கிவிட்டு, குனிந்து மண்ணை எடுத்தார். அந்தச் செய்தியைக் குறித்து எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம்.

தெரு, குலம், குடும்பம், பள்ளி, பேச்சு வழக்கு என நாம் எழுதிவைத்திருக்கும் கட்டங்கள் பன்னிரண்டைவிட மிகுதி. தோலோடு வேலை செய்பவர் என்பதனாலேயே தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பங்குகளில் நிறைந்திருக்கிறார்கள். பிறப்பைக் கொண்டு தீர்ப்பிடுவது எப்படி வலிக்கும் என்பதை ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்த பெரியவர் ஒருவர் நம் பங்கில் உண்டு. எந்தச் சந்தையிலிருந்து வந்த தோல் என்று சீட்டைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாதா என்று ஒருமுறை அவரைக் கேட்டோம். அவர் சிரித்தார். “ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல விரிச்சுப் பார்க்கணும், சாமி. உண்ணி கடிச்சது, முள்ளு கீறினது, கத்தி பட்டது எல்லாம் கையால தடவினாத்தான் தெரியும். சீட்டைப் பார்த்துச் சொல்றவன் வேலைக்கு ஆகமாட்டான்” என்றார். உயிரற்ற தோலுக்கு அவர் காட்டிய நீதியை உயிருள்ள ஒரு பிள்ளைக்கு நாம் காட்டவில்லை.

மறுநாள் அந்த வீட்டுக்குச் சென்றோம். தாயிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டோம். தாய் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகன் அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருவதாக மட்டும் சொன்னான்.

வந்தான். அணித்தலைவன் அவனிடம் முதல் ஓவரைக் கொடுத்தான். முதல் இரண்டு பந்துகளும் விலகிப் போயின. மூன்றாவது எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஓவர் முடிந்ததும் அணித்தலைவன் நம் பக்கம் திரும்பிப் பார்த்தான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தனது முறை வந்ததும் அடுத்த ஓவரையும் அவனிடமே கொடுத்தான்.